மூன்று நாள் வேகம்

(கேரள எல்லையோரம், பாறசாலைக்குப் பக்கத்துக் கிராம வாசகசாலை ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தேவாரக்கெட்டு சரஸ்வதி யானைமேல் வருவாள். வேளிமலை குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் வருவார். சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வருவாள். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அரச உடைவாள் கைமாறும். முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரள அரசின் வரவேற்பு, பிறகு இந்தப் பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள்தான் திருவனந்தபுரம். பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தூரம் சுமார் 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு மூன்று பகல்.

1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசு போனது, கச்சேரிகள் போயின, நவராத்திரி விழாவும் அங்கே போனது. சாமிகள் மட்டும் பழைய ஊரிலேயே இருந்து, வருடத்துக்கு ஒருமுறை வழி நடந்து போய்த் திரும்புகிறார்கள். ராஜா போய்விட்டார், திவான் போய்விட்டார், சமஸ்தானமே போய்விட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நடுவே ஒரு மாநில எல்லையும் விழுந்தது. ஊர்வலம் நிற்கவில்லை. வழியில் எத்தனை வாசல்களில் தட்டம் எடுக்கிறார்கள், எத்தனை வாசல்களில் குத்துவிளக்கு ஏற்றி வைக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். காரில் போகிற சாமிக்கு யாரும் விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருக்க முடியாது.

இன்று நான் பேச வந்தது சைக்கிளைப் பற்றி. இந்த ஊர்வலத்தின் வேகத்துக்கு அடுத்தபடியாக, இந்த மண்ணைப் பார்க்க ஏற்ற வேகம் சைக்கிளின் வேகம் என்பது என் நம்பிக்கை. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, இரண்டு மாநிலத்துக் கிராமத்துச் சாலைகளைக் கோத்து ஒரு சைக்கிள் வழி வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பிரான்சில் லுவார் என்று ஓர் ஆறு இருக்கிறது. அதன் கரையிலும் துணையாறுகளின் கரையிலும் மன்னர்களும் பிரபுக்களும் கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. ஷாம்போர் மாளிகையை 1519இல் கட்டத் தொடங்கினார்கள். ஷெனோன்சோ மாளிகை ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போலப் படுத்திருக்கிறது. லுவார் பள்ளத்தாக்கின் ஒரு பெரும் பகுதியை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அந்த ஆற்றை ஒட்டி இன்று சுமார் 900 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் வழி போகிறது. அதில் பாதிக்கு மேல் புதிதாகப் போட்ட பாதையாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அங்கே செய்தது பெரும்பாலும் வேறு. வண்டி நடமாட்டம் குறைந்த ஊர்ச்சாலை, ஆற்றுக்கரை, தோட்டத்து வழி என்று ஏற்கெனவே இருந்தவற்றை ஒன்றோடொன்று இணைத்தார்கள், திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் ஒரே மாதிரிப் பலகை நட்டார்கள். இரண்டு அரண்மனைக்கு நடுவே இருக்கிற ரொட்டிக்கடையும் திராட்சைத் தோட்டமும் சின்ன தேவாலயமும் அதனால் பயணத்துக்குள் வந்துவிட்டன. சைக்கிளில் வருகிறவன் மதியம் சாப்பிட்டாக வேண்டும், இரவு எங்காவது படுத்தாக வேண்டும். அவன் பணம் மாளிகையின் நுழைவுச்சீட்டோடு தீர்ந்துபோவதில்லை, வழியோரத்து ஊர்களிலும் தங்குகிறது.

நம் பக்கம் நிலைமை என்ன? பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் சுற்றுலாப் பேருந்து வந்து நிற்கும். அவசரமாக உள்ளே போய் வருவார்கள். அடுத்து கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம். நடுவே இருக்கிற நாடு முழுவதும் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் ஓடி மறைந்துவிடும். அந்த நடுவே இருக்கிற நாட்டில்தான் நாம் குடியிருக்கிறோம்.

அரண்மனையிலிருந்தே தொடங்குகிறேன். 1601இல் இரவிவர்மா குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதற்குள் இருக்கிற தாய்க்கொட்டாரம் அதைவிட மூத்தது. பிற்பாடு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா விரித்துக் கட்டினார். 186 ஏக்கர் கோட்டைக்குள் ஆறரை ஏக்கரில் அரண்மனை. லுவார் கரையில் கல்லால் கட்டினார்கள், இங்கே மரத்தால் கட்டினார்கள். மழை நாட்டு ஆசாரிக்கு மரம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். செங்குத்தான ஓட்டுக்கூரை, வெயிலை வடிகட்டும் மரச்சட்டச் சன்னல்கள், முகம் தெரிகிற அளவுக்கு மெருகேறிய கருந்தரை, மந்திரசாலை, நவராத்திரி மண்டபம். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற இந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956க்குப் பிறகு இரண்டு மாநிலங்களும் இதை இப்படி வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் இருக்கின்றன. எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது. அரண்மனையை இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியுமானால், அதற்குப் போகிற ஒரு சைக்கிள் வழியையும் சேர்ந்து பார்த்துக்கொள்ள முடியும்.

அங்கிருந்து சைக்கிளில் எட்டிவிடும் தூரத்தில், புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டை. 1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். கைதியாக வந்தவரிடமே மார்த்தாண்டவர்மா தம் படையைப் பழக்குகிற பொறுப்பைக் கொடுத்தார். வலிய கப்பித்தான் என்று பட்டம். உதயகிரிக் கோட்டையைப் புதுக்கிக் கட்டியதும் அங்கே பீரங்கி வார்த்ததும் அவர் மேற்பார்வையில்தான். இவரோடு பழகிக் கிறிஸ்துவத்தைத் தழுவிய நீலகண்டபிள்ளைதான், 1752இல் கொல்லப்பட்டு, 2022 மே மாதம் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். டிலனாய் 1777இல் இறந்தார். கோட்டைக்குள் இருக்கிற சின்ன தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, கல்லில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறார்கள். கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்கள் கண்ணில் ஒரு கருங்கல் மதில் பட்டு மறையும், அவ்வளவுதான்.

இங்கிருந்து மேற்கே பாறசாலைக்கு வர நெடுஞ்சாலை இருக்கிறது: தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. சைக்கிளுக்கு அது வேண்டாம். லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகிற அந்தச் சாலையில் வயதானவர்களையோ பிள்ளைகளையோ சைக்கிளில் அனுப்ப எனக்கு மனம் வராது. வடக்கே மலையடிவாரத்தை ஒட்டி இன்னொரு வழி இருக்கிறது. திருவட்டாறு, மாத்தூர், சிதறால், அருமனை, பனச்சமூடு, காரக்கோணம், தனுவச்சபுரம், அங்கிருந்து அருவிப்புறம், நெய்யாற்றின்கரை. இதில் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டத்து நிழல்.

திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் நீண்ட பிரகாரம். மாத்தூரில் தொட்டிப்பாலம், 1966இல் பறளியாற்றுப் பள்ளத்தாக்கைக் கடந்து வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டியது. நூறு அடிக்கு மேல் உயரத்தில் தண்ணீர் ஒரு பக்கமும் மனிதர்கள் மறுபக்கமும் போகலாம். அரசர்களின் கட்டடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன். குடிமக்கள் அரசு தன் விவசாயிகளுக்காகக் கட்டிய மாளிகை இது. பிறகு சிதறால் மலை. அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏற வேண்டும். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அங்கே சமணர்கள் இருந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது. பிற்காலத்தில் அது பகவதி கோயிலானது. மேலே நின்று பார்த்தால் தாமிரபரணி வளைந்து போவதும், அதற்கப்பால் தென்னையும் ரப்பரும் அலைஅலையாகக் கடல்வரை இறங்குவதும் தெரியும். எல்லைக்கோடு எங்கே என்று அங்கிருந்து யாராலும் காட்ட முடியாது.

அருமனை தாண்டிப் பனச்சமூட்டுக்கு வந்தால் எல்லை. பனச்சமூடு சந்தையில் வாழைக்குலை, மரச்சீனி, மீன், எல்லாவற்றுக்கும் இரண்டு மொழியிலும் விலை பேசுகிறார்கள். ஒரே ஆள் ஒரே மூச்சில் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கிறான். சாயக்கடையில் ஒரு பாட்டி என்னிடம், "எங்கயிருந்து மக்களே வாற? இவ்வளவு தூரமும் சவிட்டியா வந்த?" என்று கேட்டாள். கார்க்காரனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வியர்த்து வந்து பெஞ்சில் உட்கார்கிறவனிடம் எந்த ஊரிலும் ஜனங்கள் பேசுவார்கள். அன்று அவள் சொல்லித்தான் நான் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளான ஒரு குறுக்குவழியைத் தெரிந்துகொண்டேன். அந்த வழியோரத்து ஏலாவில், அதாவது வயல்வெளியில், ஒரு காலத்தில் மூன்று போகத்துக்கும் யாரார் வீட்டில் நெல் அளந்தார்கள் என்பதையும் அவளே சொன்னாள். இன்று அந்த ஏலாவில் பாதி வாழை, பாதி மண் நிரப்பிய வீட்டுமனை. 2008இல் கேரளம் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே போனவை போனவைதான். சைக்கிளில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு உடம்பிலேயே தெரியும். இறக்கத்தின் அடியில் வயலும் தோடு என்கிற ஓடையும் இருந்தால் காற்று குளிரும். நிரப்பிவிட்ட இடத்தில் குளிராது.

அருவிப்புறத்தில் நெய்யாறு பாறைகளுக்கு நடுவே இறங்குகிறது. 1888இல் நாராயண குரு ஆற்றிலிருந்து கல் எடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்த இடம் இதுதான். ஈழவருக்குச் சிவலிங்கம் நிறுவ உரிமை கிடையாது என்று சொன்ன காலம். கேரளத்தின் வரலாறு திரும்பிய இடங்களில் இது ஒன்று. ஆற்றங்கரையில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதை நினைத்துப் பார்க்க அரை மணி நேரமாவது வேண்டும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில். வளாகத்துக்குள் அம்மச்சிப் பிலாவு. பட்டுப்போன ஒரு பலாமரத்தின் பொந்துள்ள அடிமரம், வேலி போட்டுக் காக்கிறார்கள். அரசராவதற்கு முன், எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி ஓடிய இளவரசர் மார்த்தாண்டவர்மா இந்தப் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஐதிகம். நன்றிக்கடனாகப் பிற்பாடு அவரே கட்டிய கோயில் இது. 1729இல் முடிசூடியவர், குளச்சலை வென்றவர், 1750 ஜனவரி 3ஆம் தேதி நாட்டையே பத்மநாபசுவாமியின் காலடியில் வைத்துத் தாம் அவருடைய தாசன் என்று ஆண்டவர்.

இந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையின் மையம். பத்மநாபபுரத்து அரண்மனையை மட்டும் பார்க்கிறவன் ஓர் அரசரைப் பார்க்கிறான். அம்மச்சிப் பிலாவை மட்டும் பார்க்கிறவன் ஒரு கதையைக் கேட்கிறான். நடுவே இருக்கிற நிலத்தைத் தன் கால்பலத்தில் கடந்தவனுக்குத்தான் துரத்தப்பட்ட ஓர் இளைஞன் இந்த மேட்டிலும் பள்ளத்திலும் என்ன பாடு பட்டிருப்பான், எந்தக் குடிசையில் தண்ணீர் கேட்டிருப்பான், வழி காட்டியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் வரும். அரசர் பெயர் கோயிலில் இருக்கிறது. பொந்தைக் காட்டியவர் இன்னார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவர் இந்த ஊர்ச்சாலைகளில் நடந்த ஒரு ஏழை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நெய்யாற்றின்கரை அரசர்களின் ஊர் மட்டுமில்லை. 1910இல் திருவிதாங்கூரிலிருந்து நாடுகடத்தப்பட்டுத் திருநெல்வேலியில் கொண்டுவிடப்பட்ட பத்திரிகை ஆசிரியர் சுதேசாபிமானி ராமகிருஷ்ணபிள்ளை இந்த ஊர்க்காரர். 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி பொறுப்பாட்சி கேட்ட ஜனங்கள்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது, வீரராகவன் உள்ளிட்டோர் உயிர் கொடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்ப்பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சூடு நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரண்டு பக்கத்துத் தியாகிகளுக்கும் நினைவிடங்கள் இருக்கின்றன. ஒரே பயணத்தில் இரண்டு இடத்திலும் நின்று வணங்குகிறவர்கள் மிகக் குறைவு. வழி இருந்தால் நிற்பார்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு கிளை வேண்டும். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூவாரில் நெய்யாறு கடலைத் தொடுகிறது. அங்கிருந்து பொழியூர், நீரோடி, தேங்காப்பட்டணம் பக்கமாக ஏ.வி.எம். கால்வாய் போகிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று முழுப்பெயர், 1860இல் வெட்டத் தொடங்கி, கன்னியாகுமரி வரை போக நினைத்து, முடியாமலே நின்றது. பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. கரை மட்டும் சமதளம், ஏற்றமே இல்லை. கால்வாயைத் தூர் வாருகிற நாளில் கரையைச் சைக்கிளுக்கு விட்டால் போதும். அந்தப் பக்கம் முஞ்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் 95 மாணவர்களுக்குச் சாலை என்ற கல்விக்கூடம் அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. படிப்பதற்காக எல்லை தாண்டிப் போகிற பிள்ளைகள் இன்றும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

கால்வாய்க்கரை என்றதும் நெய்யாறு இடதுகரைக் கால்வாயும் நினைவுக்கு வருகிறது. விளவங்கோடு தாலுகாவுக்குப் பாசனத்துக்கு வெட்டியது. 2004 முதல் எல்லைக்கு அப்பால் தண்ணீர் வருவது நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. காய்ந்த கால்வாயின் கரையும் சைக்கிளுக்கு நல்ல வழிதான். ஆனாலும் அந்த வழி எனக்கு வேண்டாம். அங்கே தண்ணீர் வரட்டும், கரையில் விவசாயி நடக்கட்டும்.

இனி சைக்கிளைப் பற்றி. நம் நிலம் மேடும் பள்ளமும். ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் செங்குத்து. ஒற்றைப் பல்சக்கர சைக்கிளில் பாதித் தூரம் உருட்டிக்கொண்டு ஏற வேண்டும். பிரான்சில் சேந்த் எத்தியேன் என்ற ஊரில் போல் த விவி என்று ஒருவர் இருந்தார். வெலோசியோ என்ற பெயரில் எழுதினார், 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். மலைநாட்டில் சாதாரண மனிதர்கள், பெண்கள், வயதானவர்கள் எல்லாரும் சைக்கிள் ஓட்ட வேண்டுமானால் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். பந்தயக்காரர்கள் அதைப் பலவீனம் என்றார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றியை 1937இல்தான் அனுமதித்தார்கள். வெலோசியோ 1930இலேயே இறந்துவிட்டார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, வீம்புக்காக மிதிக்காதே என்பது அவர் சொன்ன முறைகளின் சாரம். பிள்ளைகளே, ஏழு கியர் சைக்கிள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டு அரசு பதினோராம் வகுப்பில் கொடுக்கிற சைக்கிள் போதும், ஏற்றத்தில் இறங்கி நடக்கலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது யாரும் கியர் கேட்கவில்லை. தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், கூட்டத்துக்குப் போகவும் அவர்கள் ஓட்டினார்கள். நான் கேட்கிற வழியும் அப்படிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும். வெளியூர்க்காரன் வருடத்துக்கு இரண்டு முறை வருவான். பால் கொண்டுபோகிறவரும் ரப்பர் வெட்டப் போகிறவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் தினமும் வருவார்கள்.

அரசாங்கங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. இந்தச் சாலைகளை அகலப்படுத்த வேண்டாம். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரைக்கும் நான்குவழிச்சாலை வந்துவிட்டது, அவசரக்காரர்கள் அதில் போகட்டும். ஊர்ச்சாலைகளில் குழிகளை மட்டும் அடையுங்கள். திருப்பங்களில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே அளவுப் பலகை வையுங்கள், அடுத்த ஊர் எது, எத்தனை கிலோமீட்டர், எங்கே குடிதண்ணீர் என்று. அரண்மனையிலும் கோட்டையிலும் கோயில் வாசலிலும் சைக்கிள் பூட்டி வைக்க ஓர் இரும்புக் கம்பி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் டிப்பர் லாரி இந்த வழியில் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு. வழியில் இருக்கிற வாசகசாலைகள், எல்லைக்கு இந்தப் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறதே, அவற்றின் திண்ணையில் இரவு படுக்க அனுமதி. ஊராட்சித் தலைவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டால் வேலையில் பாதி முடிந்துவிடும். கோடு போட ஆள் தேவையென்றால் நான் வருகிறேன், இந்தக் கூட்டத்தில் இருக்கிற மூத்தவர்கள் பலருக்கு என்னைவிட நன்றாக வழி தெரியும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இடவப்பாதி மழையும் துலாமழையும் ஓய்ந்து மார்கழி முடிந்தால் வெயிலும் தாங்கும், ரோடும் காயும். தை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு இந்த முற்றத்திலிருந்து புறப்படலாம் என்று வாசகசாலைச் செயலாளரும் நானும் பேசியிருக்கிறோம். ஞாயிறு என்று வைத்ததற்குக் காரணம் உண்டு, திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. போகும்போது நேர்வழியாகச் சின்னச் சாலைகளில் போய்க் காலையில் திறக்கிற நேரத்துக்கு அரண்மனை, அங்கிருந்து உதயகிரி. இரவு திருவட்டாற்றில் தங்கி, மறுநாள் சிதறால், பனச்சமூடு, அருவிப்புறம் வழியாக நெய்யாற்றின்கரை. பதினைந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு குழுவுக்கு மூன்று போதும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த இருவர் கட்டாயம் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டுப் புத்தகம் இருக்கும், பெயர் எழுதுங்கள்.